தகரக் கூரை மழையும் பாட்டியின் குரலும்: வீடியோ ஒலியைச் சரிசெய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழையில், குன்னூருக்குக் கீழே ஒரு லயன் வீட்டில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) உட்கார்ந்து ஒரு பாட்டியைப் பேட்டி எடுத்தேன். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். கதை அருமையாக வந்தது, ஒலிதான் சொதப்பியது. தகரக் கூரையில் மழை, அடுப்பில் குக்கர், பக்கத்து வீட்டில் சீரியல், போதாததற்குப் பாட்டியின் கம்பளி ஸ்வெட்டர் காலர் மைக்கில் உரசுகிற சரக் சரக்.

அப்போது நான் எடிட்டிங்குக்குப் புதுசு. இரைச்சலைக் குறைக்கும் கருவி ஒன்று கையில் கிடைத்ததும் அதைக் கடைசி வரை திருகிவிட்டேன். மழை போய்விட்டது. கூடவே பாட்டியும் போய்விட்டார். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி ஏதோ ஒன்று மிஞ்சியது. பேத்தி பார்த்துவிட்டு, "எங்க பாட்டி குரல் மாதிரியே இல்லையே அண்ணா" என்றாள். அந்த வீடியோவை மறுபடி முதலிலிருந்து செய்தேன். அப்படித் திரும்பச் செய்தபோது கற்றுக்கொண்ட வரிசைதான் கீழே வருவது. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் என்று மலையில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். கீழ்நாட்டுக்காரர்கள் மழைக்குப் பதில் மின்விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போதே முப்பது விநாடி

எடிட்டிங் பற்றிய கட்டுரையில் படப்பிடிப்பு எதற்கு என்று நினைக்கலாம். இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி: ஒவ்வொரு இடத்திலும், பேட்டி முடிந்ததும், யாரும் பேசாமல் அசையாமல் முப்பது விநாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பேட்டிக்கு வைத்த அதே மைக், அதே இடம், அதே அளவு. "ஒரு அரை நிமிஷம் எல்லாரும் சும்மா இருங்க, வீட்டுச் சத்தத்தைப் பிடிக்கணும்" என்றால் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், அப்புறம் பதிவை ஆரம்பியுங்கள்.

இந்த முப்பது விநாடி இரண்டு வேலைக்கு உதவும். இரைச்சல் குறைக்கும் கருவிக்கு "இதுதான் இரைச்சல்" என்று காட்ட மாதிரி வேண்டும். வெட்டிய இடங்களில் பள்ளம் தெரியாமல் நிரப்பவும் சத்தம் வேண்டும். இரண்டாவதுதான் பெரிய உதவி, பின்னால் வருகிறேன்.

காற்றுக்கு மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கோக்கர்ஸ் வாக்கிலோ தொட்டபெட்டாவிலோ நின்று வெறும் மைக்கில் பேசினால், மைக்கைக் காற்று அடித்துத் தள்ளிவிடும். அப்படி உடைந்துபோன ஒலியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. மைக்குக்கு மேல் மாட்டும் முடி உறை இல்லாமல் மேடான இடத்துக்குப் போகாதீர்கள். ஜெர்கின் போட்டவருக்குக் காலர் மைக் மாட்டினால் நைலான் உரசல் வரும். ஜிப்பைத் திறந்து உள்சட்டையில் மாட்டி, மைக்குக்குக் கீழே வயரை ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டு ஒட்டுங்கள். கொழுந்து பறிக்கும்போது பேச வைத்தால், மழைக்கு இடுப்பில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஒவ்வொரு அடிக்கும் படபடக்கும். இரண்டு நிமிடம் நின்று பேசச் சொல்வதுதான் அதற்கு வழி.

எந்த மென்பொருள்

பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட். இலவசம், ஒலிக்கு வேண்டிய ஃபில்டர்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. கொஞ்சம் பலமான கணினி, தனி கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம் இருந்தால் டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் என்ற பக்கம் முழுக்க ஒலிக்காகவே இருக்கிறது. குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான் உண்டு. லினக்ஸ்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரிசால்வின் இலவசப் பதிப்பு அங்கே, மொபைல் வீடியோவில் வழக்கமாக இருக்கும் ஏஏசி வகை ஒலியைப் படிக்காது. மொபைல் வீடியோவைப் போட்டுவிட்டு "சத்தமே வரலையே" என்று ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கூடவே ஆடாசிட்டியையும் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம். வீடியோவை அது எடிட் செய்யாது, இரைச்சல் குறைக்க மட்டும் அங்கே போய் வருவோம். கீழே ஷாட்கட்டை வைத்தே சொல்கிறேன். மற்றவற்றில் பொத்தான் வேறு இடத்தில் இருக்கும், வேலை அதேதான்.

ஹெட்போன் கட்டாயம். லேப்டாப் ஸ்பீக்கரில் தாழ்ந்த உறுமல் எதுவுமே கேட்காது. அது இல்லை என்று நினைத்து அனுப்பிவிடுவோம், பார்க்கிறவர் வீட்டு ஹோம் தியேட்டரில் லாரி ஓடும்.

கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். படத்தைப் பார்க்காமல் கேட்பது நல்லது. நான் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். பாட்டி பேட்டிக்கு எழுதியது இப்படி இருந்தது: "0:40 குக்கர் விசில். 1:15 ஸ்வெட்டர். 2:05லிருந்து குரல் இறங்குகிறது. 3:30 மழை வலுக்கிறது. முழுக்க ஒரு ம்ம்ம்ம்." கடைசியில் சொன்ன அந்த ம்ம்ம் இன்வெர்ட்டர். இந்தத் தாள் இல்லாமல் ஆரம்பித்தால் கண்ணில் பட்ட ஃபில்டரையெல்லாம் போட்டுப் பார்க்கத் தோன்றும்.

புது புராஜெக்ட் திறக்கும்போது ஒலியின் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து பதிகிறது என்ற கணக்கு) 48,000 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். வீடியோவுக்கு அதுதான் வழக்கம். 44,100 பாட்டு சிடிக்கு. ஆடாசிட்டியிலும் 48,000 வைத்துக்கொள்ளுங்கள். மூல ஃபைல்களை அப்படியே இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலை.

உதடும் ஒலியும்

மொபைலில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி என்று எடுத்திருந்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும். படப்பிடிப்பின் தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு கைதட்டல் தட்டியிருந்தால் டைம்லைனில் அது ஆணி அடித்த மாதிரி எழுந்து நிற்கும். இரண்டு ஆணியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் முடிந்தது. ஷாட்கட்டில் ஒரு டிராக்கை ஆதாரமாக வைத்து மற்றதைத் தானாகப் பொருத்தும் வசதி உண்டு. ரிசால்விலும் அலைவடிவத்தை வைத்துப் பொருத்தச் சொல்லலாம்.

இங்கே மலைக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. எதிர்ச் சரிவில் நின்று ஜூம் போட்டு, தேயிலைக்குள் நிற்கிறவரைப் படம் பிடிக்கிறோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் நேரத்தில் 13 மீட்டர் சொச்சம். அவர் 50 மீட்டர் தள்ளி நின்றால், கேமரா மைக்கில் அவர் குரல் கிட்டத்தட்ட நான்கு ஃப்ரேம் தாமதமாக விழும். காலர் மைக் ஒலியைக் கேமரா ஒலியோடு பொருத்தினால் அந்தத் தாமதமும் சேர்ந்தே வந்துவிடும். அலைவடிவம் இரண்டும் அச்சாகப் பொருந்தியிருக்கும், உதடு மட்டும் முந்திக்கொண்டு போகும். நான் இதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்து ஒரு சாயந்திரம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். காலர் மைக் டிராக்கை நான்கு ஃப்ரேம் முன்னால் நகர்த்தினால் போதும். அப்புறம் கேமரா ஒலியை ஊமையாக்கிவிடுங்கள்.

பேட்டி நீள நீள ஒலி மெல்ல மெல்ல விலகிப் போகிறது என்றால் காரணம் வேறு. மொபைல் வீடியோவில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது. ஷாட்கட் அதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்ற ஃபைலாக மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள், நேரம் பிடித்தாலும் பரவாயில்லை.

இடது காதில் மட்டும் கேட்கிறதா? ஒற்றை மைக்கை ஸ்டீரியோவில் பதிந்தால் அப்படி வரும். காப்பி சேனல் ஃபில்டரைப் போட்டு இடதை வலதுக்கு நகலெடுங்கள். முதல் நாளே செய்துவிடுங்கள், கடைசியில் மறந்துபோகும்.

வெட்டும் இடம்

கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து ஒலியைத் தனி டிராக்குக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். எஸ் பொத்தானை அழுத்தினால் கோடு நிற்கும் இடத்தில் வெட்டு விழும். எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி. வார்த்தை முடிந்த கையோடு வெட்டாதீர்கள், அடுத்த மூச்சை இழுக்கும் முன் வெட்டுங்கள். மூச்சு அடுத்த வாக்கியத்துக்குச் சொந்தம். அதை இந்தப் பக்கம் விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோனால், பேசுகிறவர் ஏதோ சொல்ல வந்து முழுங்கியது போல இருக்கும்.

இருமல், "அது வந்து... அது வந்து..." எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆனால் வயதானவர்கள் யோசிக்கிற இடைவெளியை எடுக்காதீர்கள். பாட்டி ராமேஸ்வரம் என்று சொல்லிவிட்டு நான்கு விநாடி சும்மா இருந்தார். முதல் தடவை அதை வெட்டி எறிந்தேன். இரண்டாவது தடவை அப்படியே விட்டேன்.

ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று ஃப்ரேம் நீளத்துக்குச் சின்ன ஃபேடு கொடுங்கள். ஷாட்கட்டில் கிளிப்பின் மேல்மூலையில் உள்ள வட்டத்தைப் பிடித்து இழுத்தால் வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும்.

இப்போது அந்த முப்பது விநாடி. வெட்டியபின் கேட்டால் மழைச் சத்தம் ஒவ்வொரு வெட்டிலும் குதிக்கும். ஒரு இடத்தில் வலுத்த மழை, அடுத்த நொடி தூறல், இடையில் ஒன்றுமே இல்லாத குழி. காது இந்தக் குழியைத்தான் முதலில் பிடிக்கும். மழை பெய்வது யாருக்கும் தொந்தரவு இல்லை, விட்டு விட்டுப் பெய்வதுதான் தொந்தரவு. குரல் டிராக்குக்குக் கீழே இன்னொரு டிராக் போட்டு, அந்த முப்பது விநாடியை வரிசையாக அடுக்கிக் காட்சி முழுவதற்கும் பரப்புங்கள். ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது ஒரு விநாடி மேலேறிக் கலக்கட்டும். இந்த அடிமழை ஓடத் தொடங்கியதும் மேலே உள்ள வெட்டுகள் மறைந்துபோகும். இருபது வெட்டு விழுந்த பேட்டி ஒரே மூச்சில் பேசியதாகத் தெரியும்.

அளவு

டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் இடம் கிடையாது, அலை முட்டித் தட்டையாகிவிடும். அதனால் எல்லா அளவும் மைனஸில்தான் ஓடும். குரலின் உச்சங்கள் -12க்கும் -6க்கும் நடுவில் துள்ளினால் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பீக் மீட்டரைத் திறந்து கண்ணெதிரில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிளிப் கிளிப்பாக. கெயின் ஃபில்டரைப் போட்டு, குரல் இறங்கிய துண்டுகளைத் தூக்குங்கள், சிரித்துக் கத்திய துண்டுகளை இறக்குங்கள். இது சலிப்பான வேலை. உரத்த ஒலியைத் தானாக அமுக்கும் கம்ப்ரஸர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கையால் சமன் செய்த குரலில் கம்ப்ரஸர் அலுங்காமல் வேலை செய்யும். சமன் செய்யாத குரலில் அது மூச்சு வாங்குவது வெளியே கேட்கும். 6 டெசிபல் கூட்டினால் அலையின் உயரம் இரட்டிப்பாகும் என்பது நினைவிருக்கட்டும். கூட்டும்போது கூடவே மழையும் இரட்டிப்பாகும்.

இரைச்சல்: தாழ்ந்ததிலிருந்து தொடங்குங்கள்

மனிதக் குரலுக்குக் கீழே கிடப்பதை முதலில் வெட்டலாம், அங்கே இழப்பு ஒன்றும் இல்லை. குறித்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை இறக்கும் ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டு 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். பெண் குரலென்றால் 100, 120 வரைகூட ஏற்றலாம். காற்றின் புடைப்பு, மைக் ஸ்டாண்டை யாரோ இடித்தது, ரோட்டில் கியர் மாற்றி ஏறும் லாரி எல்லாம் இதிலேயே நிறையக் குறையும். ஏற்றிக்கொண்டே போய், குரல் மெலிந்து டெலிபோன் மாதிரி ஆகும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் வாருங்கள்.

இன்வெர்ட்டர், பழைய ஃபிரிட்ஜ், டியூப்லைட் சோக்கு இவற்றின் ம்ம்ம் என்ற முனகல் வேறு வகை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் முனகல் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் வந்து உட்காரும். 50ஐ ஹை பாஸ் பெரும்பாலும் இறக்கிவிடும். 100க்கும் 150க்கும், ஒரு அலைவரிசையை மட்டும் குறிவைத்து வெட்டும் நாட்ச் ஃபில்டரைக் குறுகலாகப் போடுங்கள். அகலமாகப் போட்டால் ஆண் குரலின் அடித்தொண்டையும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம்தான் மழை. இது எல்லா அலைவரிசையிலும் பரந்து கிடக்கும், அதனால் ஆடாசிட்டிக்குப் போவோம். குரல் டிராக்கை மட்டும் வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து அங்கே திறங்கள். முப்பது விநாடி ஃபைலையும் அதே அளவில் திறங்கள். மழை மட்டும் உள்ள துண்டைத் தேர்ந்து, நாய்ஸ் ரிடக்‌ஷனில் நாய்ஸ் புரொஃபைலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு குரலைத் தேர்ந்து மறுபடி அதே கருவியைத் திறந்து, குறைக்கும் அளவை 6 டெசிபல் வையுங்கள். 12 வைக்கலாம் என்று கை துடிக்கும். 6 வைத்துக் கேளுங்கள்.

அதே ஜன்னலில் ரெசிட்யூ என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால், எறியப்போகிற சத்தத்தை மட்டும் கேட்கலாம். அதில் வெறும் மழை கேட்டால் சரி. எறிகிற குப்பைக்குள் பாட்டி முணுமுணுப்பது கேட்டால் அதிகமாக எடுக்கிறீர்கள். எனக்கு இந்த ஒரு பொத்தான் முதல் வாரத்திலேயே தெரிந்திருந்தால் அந்தப் பேத்தியிடம் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

மழையை இல்லாமல் ஆக்குவது நோக்கம் இல்லை. அவர் இருப்பது தகரக் கூரை வீடு என்று படத்திலேயே தெரிகிறது, வெளியே பெய்வதும் ஜன்னலில் தெரிகிறது. சத்தம் மட்டும் ஸ்டுடியோவில் எடுத்தது மாதிரி இருந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் புரியாமலே ஒட்டாமல் போகும். குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மழை கீழே இறங்கினால் அங்கே நிறுத்துங்கள். அந்தக் குரலை மறுபடி வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, ஷாட்கட்டில் பழைய குரல் டிராக்கின் இடத்தில் வையுங்கள்.

வினைச்சொல்லை விழுங்கும் கேட்

நாய்ஸ் கேட் என்று ஒரு ஃபில்டர் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே ஒலி இறங்கினால் கதவை மூடிவிடும், பேசும்போது மட்டும் திறக்கும். கேட்க அழகாக இருக்கிறது. தமிழுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. பேசும்போது வாக்கியக் கடைசியில்தான் குரல் இறங்குகிறது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம் இறங்கும். பாட்டி சொன்னது: "திரும்பிப் போகணும்னு ஒருநாளும் தோணலை." கேட் போட்டபின் கேட்டது: "திரும்பிப் போகணும்னு ஒருநாளும் தோண..." கதவு மூடிக்கொண்டது "லை" மேல். இல்லை என்பதே போய்விட்டது. வரவில்லை, கொடுக்கவில்லை, தெரியாது என்று நாம் மறுப்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷ் டியூட்டோரியலில் சொல்லும் அளவுகளை அப்படியே நம் பேச்சுக்குப் போட்டால் இந்த வால்கள்தான் முதலில் அறுபடும்.

போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டைக் கவனியுங்கள். கதவு மூடும் வேகத்தை மெதுவாக்குங்கள், 300 மில்லி விநாடிக்குக் குறையாமல். மூடினாலும் முழுக்க மூடாமல் 6, 8 டெசிபல் மட்டும் இறங்கும்படி வையுங்கள். அப்படி அளவோடு இறக்கும் வேலைக்கு எக்ஸ்பாண்டர் என்ற ஃபில்டரே இருக்கிறது, பல சமயம் அதுவே போதும். நான் இப்போது இரண்டையும் போடுவதில்லை. வாக்கிய வால்களைத் தேடிப் பிடித்துக் கெயினில் 3, 4 டெசிபல் தூக்கிவிடுகிறேன். ஐந்து நிமிட வீடியோவுக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

ஈக்யூவும் கம்ப்ரஸரும்

ஒலியின் தாழ்ந்த, நடு, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது ஈக்யூ. அதில் புதியவர்கள் செய்யும் தப்பு, எல்லாவற்றையும் ஏற்றுவது. முதலில் இறக்கப் பழகுங்கள். காலர் மைக் நெஞ்சில் இருப்பதால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை பெட்டிக்குள் பேசுகிற மாதிரி ஒரு அடைசல் வரும். அங்கே 3 டெசிபல் இறக்குங்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் ஏற்றினால் சொற்கள் முன்னால் வரும். ச, ஷ, ஸ காதைக் குத்தினால் 6,000 முதல் 8,000 வரை லேசாக இறக்குங்கள். ரிசால்வில் இதற்கென்றே டி எஸ்ஸர் என்ற கருவி இருக்கிறது. இதற்கு மேல் திருக வேண்டி வந்தால் மைக் வைத்த இடம் தப்பு என்று அர்த்தம்.

கம்ப்ரஸர் உரத்ததை அமுக்கிச் சன்னத்தோடு நெருக்கி வைக்கும். விகிதம் 3க்கு 1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 மில்லி விநாடி, ரிலீஸ் (விட்டுவிட எடுக்கும் நேரம்) 150 மில்லி விநாடி என்று ஆரம்பியுங்கள். உரத்துப் பேசும் இடத்தில் 3 முதல் 5 டெசிபல் வரை குறையும்படி த்ரெஷோல்டை, அதாவது அமுக்கம் தொடங்கும் அளவை, இறக்குங்கள். அதன் பின்னால், உச்சம் குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை -1இல் வையுங்கள். ஃபில்டர்கள் மேலிருந்து கீழே வரிசையாக வேலை செய்யும். ஹை பாஸ், நாட்ச், ஈக்யூ, கம்ப்ரஸர், லிமிட்டர் என்பதே வரிசை. லிமிட்டர் மேலே போய்விட்டால் அதற்குப் பின்னால் ஏற்றுவதையெல்லாம் தடுக்க ஆள் இல்லை. இவற்றைக் கிளிப் கிளிப்பாகப் போடாமல், டிராக்கின் தலைப்பைத் தேர்ந்து மொத்த டிராக்குக்கும் ஒரே தடவையில் போட்டுவிடலாம்.

பின்னணி

பாட்டுக்கு யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபின் காப்புரிமைச் சோதனையான கண்டென்ட் ஐடி பிடித்துவிடும், அந்த ஆசை வேண்டாம். பேச்சு ஓடும்போது இசை அதற்கு 18, 20 டெசிபல் கீழே கிடக்கட்டும். பேச்சு தொடங்க அரை விநாடி முன்பே கீஃபிரேம் (அளவு மாறவேண்டிய இடத்தைக் குறிக்கும் புள்ளி) போட்டு இறக்கத் தொடங்குங்கள்.

இடத்தின் ஒலியைக் கடையில் கிடைக்கும் தொகுப்பிலிருந்து எடுக்கும்போது ஜாக்கிரதை. நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி, அதில் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு வழக்கமாக டீசல்தான் இழுக்கும். கேத்தி வளைவில் ரயில் போகும் படத்துக்கு "குப் குப்" என்று நீராவிச் சத்தம் போட்ட ஒரு வீடியோ வந்தது. எங்கள் டீக்கடையில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சிரித்தார்கள். பறவைக்கும் இதே கதைதான். சோலைக்காட்டுக் காலைக்கு மயில் அகவல் எதற்கு? விடிகாலையில் ஓடைப் பக்கம் போனால் சீகாரப் பூங்குயில், யாரோ பையன் வேலை வெட்டி இல்லாமல் விசில் அடிக்கிற மாதிரி, இலவசமாகவே பாடும். அதைப் பதிந்து வாருங்கள்.

அனுப்பும் முன்

பீக் மீட்டர் உச்சத்தைத்தான் காட்டும். மொத்த வீடியோவும் காதுக்கு எவ்வளவு உரப்பாக இருக்கிறது என்பதற்கு எல்.யூ.எஃப்.எஸ் என்று வேறு அளவு. ஷாட்கட்டில் ஆடியோ லவுட்னெஸ் ஸ்கோப்பைத் திறந்து முழுக்க ஓடவிட்டால் தெரியும். யூடியூப் -14ஐ மனதில் வைத்து நடக்கிறது. அதைவிட உரப்பாக அனுப்பினால் அதுவே இறக்கிவிடும். சன்னமாக அனுப்பினால் ஏற்றித் தராது, பார்க்கிறவர்தான் வால்யூமைத் திருக வேண்டும். நார்மலைஸ் டூ பாஸ் ஃபில்டரில் இலக்கு -23 என்று இருந்தால் அது டிவி ஒளிபரப்புக்கான கணக்கு, -14 அல்லது -16க்கு மாற்றி அலசச் சொல்லுங்கள். இதுவும் உச்சத்தை ஏற்றும் என்பதால் லிமிட்டர் இதற்கும் பின்னால் வரட்டும்.

எக்ஸ்போர்ட்டில் ஏஏசி, 48,000 ஹெர்ட்ஸ், 320 கிலோபிட். பிறகு மூன்று தடவை கேளுங்கள். ஒரு தடவை ஹெட்போனில். ஒரு தடவை மொபைலின் சொந்த ஸ்பீக்கரில், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதில் தாழ்ந்த ஒலி எதுவும் வராது, குரலின் நடுப்பகுதி தெளிவாக இருந்தால்தான் பிழைக்கும். மூன்றாவது தடவை ஊட்டி பஸ்ஸில், ஜன்னலோரத்தில். பர்லியார் வளைவுகளில் இன்ஜின் கத்தும்போதும் "தோணலை" முழுசாகக் கேட்டால் ஃபைலை அனுப்பலாம்.

வேலை முடிந்ததும் அந்த முப்பது விநாடி ஃபைல்களை அழிக்காதீர்கள். இடம், மாதம், என்ன சத்தம் என்று பெயர் வைத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள்: "குன்னூர் லயன், ஐப்பசி, தகரத்தில் மழை", "கூடலூர், ஆடி, வலுத்த மழை", "ஃபேக்டரி, இலை அரைக்கும் ரோலர்". அடுத்த படத்தில் யாராவது அரை நிமிடம் பதிய மறந்து வந்தால் இதிலிருந்துதான் கடன் வாங்குவீர்கள். மைக்கை அதன் பெட்டியில் வைக்கும்போது இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டையும் சேர்த்துப் போடுங்கள். மழைமாதத்தில் ஈரம் ஏறிய மைக் அடுத்த பேட்டியில் பொரியும், அந்தப் பொரியலுக்கு மேலே சொன்ன எந்த ஃபில்டரும் கேட்காது.